பாண்டி, கடலூர் பக்கம் கோச்சிங் தொடங்குகிறீர்களா? கிளையன்ட்டின் நம்பிக்கையைப் பெறும் வழிமுறைகள்

நான் சொல்லும் கோச்சிங் டியூஷன் அல்ல, ஒருவர் தன் வேலையையோ வாழ்க்கையையோ பற்றித் தெளிவாக யோசித்து முடிவெடுக்கப் பேச்சின் வழியாக உதவும் தொழில். புதிதாக அதைத் தொடங்குபவர்களில் பலரும் முதலில் தேடுவது கேள்விகளைத்தான். என்ன கேட்டால் கிளையன்ட் மனம் விட்டுப் பேசுவார், இலக்கை எப்படி எழுத வைப்பது, செஷனை எப்படி நடத்துவது என்று. இவற்றையெல்லாம் எந்த நல்ல பயிற்சி வகுப்பிலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் புதுச்சேரியிலோ கடலூரிலோ இந்தத் தொழிலைச் செய்யப் போகிறவருக்கு அதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. இங்கே உங்கள் எதிரே வந்து உட்காருபவர் உங்கள் திறமையை எடைபோடும் முன்பே வேறொன்றை யோசித்துக்கொண்டிருப்பார்: நான் இங்கே பேசுவது வெளியே போய்விடுமா?

ஊர் அப்படி. லாஸ்பேட்டைக்காரரின் மச்சான் வில்லியனூரில் இருப்பார், அந்த மச்சானோடு படித்தவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பார். மஞ்சக்குப்பத்தில் காலையில் கிளம்பிய செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் திருப்பாதிரிப்புலியூர் போய்ச் சேர்ந்துவிடும். சென்னையில் ஒரு கோச்சிடம் போகிறவரை யாரும் கவனிப்பதில்லை, அந்தப் பெருங்கூட்டமே அவருக்கு மறைவு. இங்கே அந்த மறைவை நீங்கள்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்த மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூவர் 1995-ல் மூன்று காரணங்களைச் சொன்னார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. வேலை தெரிந்தவரா, என் நன்மையை விரும்புகிறவரா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவரா என்பதே இதன் பொருள். புதியவர்கள் முதலாவதற்காகத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். நம் பக்கத்தில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம்.

போர்டு மாட்டும் முன்பு

இந்தியாவில் கோச்சிங் செய்ய அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. இன்று நினைத்தால் நாளைக்கே விசிட்டிங் கார்டு அடித்துவிடலாம். அதனாலேயே உங்களைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். 1995-ல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற உலக அமைப்பு சான்றிதழ்கள் தருகிறது. அதன் முதல் நிலையான ஏசிசி சான்றுக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் கிளையன்ட்டுகளோடு வேலை செய்த அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பிசிசிக்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். ஒரு கோச்சுக்குத் தேவை என்று அந்த அமைப்பு வகுத்திருக்கும் எட்டுத் திறன்களில், நம்பிக்கையையும் பாதுகாப்பு உணர்வையும் வளர்ப்பது தனி ஒன்றாகவே இருக்கிறது.

பயிற்சியில் பாதி தூரம்தான் வந்திருக்கிறீர்கள் என்றால், "பயிற்சியில் இருக்கிறேன், இத்தனை மணி நேரம் முடித்திருக்கிறேன், அதனால் கட்டணம் குறைவு" என்று சொல்லிவிடுங்கள். கேட்பவர்கள் மரியாதையோடுதான் பார்ப்பார்கள். "நூறு சதவீத மாற்றம் உறுதி", "21 நாளில் வாழ்க்கை மாறும்" போன்ற வாசகங்களை ஃபிளெக்ஸில் போடாதீர்கள். உங்களால் உறுதி தரக்கூடியது உங்கள் நேரம், உங்கள் கவனம், உங்கள் வாய்க்கட்டுப்பாடு, அவ்வளவுதான். இன்னொருவர் வாழ்க்கையில் நடக்கப்போவதற்கு உறுதி கொடுத்தால், முதல் நாளே பொய்யில் தொடங்குகிறீர்கள்.

எங்கே உட்கார்ந்து பேசுவது

பீச் ரோட்டில் நடந்துகொண்டே பேசலாம் என்று பலருக்கும் தோன்றும். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் வராது, காற்று நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பாதி பாண்டி அங்கேதான் நடந்துகொண்டிருக்கும். காந்தி சிலையிலிருந்து பழைய துறைமுகப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் உங்கள் கிளையன்ட்டை நாலு பேராவது நிறுத்தி நலம் விசாரிப்பார்கள், கூட யார் என்றும் கேட்பார்கள். பாரதி பூங்கா பெஞ்சும் அப்படித்தான். கடலூரில் சில்வர் பீச் ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருவிழாக் கூட்டம். ஒயிட் டவுன் காபி ஷாப்களில் வார நாள் காலை ஓரளவு அமைதி கிடைக்கும், ஆனால் பரிமாறும் தம்பி உங்கள் கிளையன்ட்டின் தெருக்காரராக இருந்தால் அந்த அமைதியால் என்ன பயன்?

கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறைதான் சரி. வாடகைக்கு எடுக்க வசதி இல்லையென்றால், ஏதாவது அலுவலகத்தில் ஒரு அறையை மணிக் கணக்கில் கேட்டுப் பாருங்கள். வாசலில் பெரிய போர்டு தேவையில்லை. ஒருவர் கிளம்பியதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில் கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு கிளையன்ட்டுகள் மாடிப்படியில் எதிரெதிரே சந்தித்து, "அட, நீங்க இங்க?" என்று கேட்டுக்கொள்ளும் நிலை வரவே கூடாது.

இருபதுக்குச் சற்று அதிகமான கிலோமீட்டர்தான் என்றாலும், கடலூரிலிருந்து பாண்டிக்கு வேலை முடிந்து பஸ் ஏறி வருவது பலருக்குச் சிரமம். அதனால் வீடியோ கால் நிறைய நடக்கும். அதில் ஒரு சிக்கல்: நம் வீடுகளில் தனி அறை என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஹாலில் டிவி ஓடும், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே, "இப்போ தனியா இருக்கீங்களா? யாராவது வந்துட்டா என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிடுங்கள். யாராவது பக்கத்தில் வந்தால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். "அந்த ஃபைலை நாளைக்கு அனுப்புறேன்" என்று அவர் சொன்னால் நீங்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறவர்களிடம் ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டாரின் காதுக்கும் இந்தப் பேச்சு போகக் கூடாது.

முதல் சந்திப்பில் பேசி முடிக்க வேண்டியவை

முதல் சந்திப்பைப் பிரச்சினையோடு தொடங்காதீர்கள். முதல் கால் மணி நேரத்தை ஏற்பாட்டுக்கு ஒதுக்குங்கள். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் சொன்ன ஒரு கருத்தைச் சிகிச்சைத் துறையைத் தாண்டிக் கோச்சிங்கிலும் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். எதை நோக்கிப் போகிறோம், அதற்காக இங்கே என்ன செய்யப் போகிறோம் என்ற இரண்டிலும் ஒப்புதல் வேண்டும். கூடவே இருவருக்கும் நடுவில் ஒரு பிணைப்பு வேண்டும். பிணைப்பு போகப் போகத்தான் வரும். முதல் இரண்டை முதல் நாளே பேசிவிடலாம்.

இங்கே வருகிறவர்களில் பலரும் அறிவுரையை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். "நான் சிங்கப்பூர் போகலாமா, இல்ல அப்பா கடையையே பார்த்துக்கட்டுமா, நீங்களே சொல்லுங்க" என்பார்கள். முடிவு அவருடையது, அவர் தெளிவாக யோசிக்க உதவுவது உங்கள் வேலை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாவது செஷனில், "இவர் கேள்விதான் கேட்கிறாரே ஒழிய ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்" என்ற ஏமாற்றம் வரும். அந்த ஏமாற்றம் நம்பிக்கையை அரிக்கும்.

கட்டணம், எத்தனை செஷன், வராமல் போனால் என்ன, வாட்ஸ்அப்பில் எந்த நேரத்துக்குள் பதில் கிடைக்கும் என்பதையெல்லாம் ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். தெரிந்தவர்தானே என்று பணப் பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள். பிறகு இருவருக்கும் சங்கடம்.

ரகசியத்தைப் பற்றிப் பேசும்போது "எல்லாமே ரகசியம்" என்று மொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், அது உண்மையல்ல. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கோச்சிடம் பேசுவதற்குக் கிடையாது. நீதிமன்றம் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் புகார் தெரிவித்தாக வேண்டும், கோச்சும் அதில் அடக்கம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலும் நீங்கள் சும்மா இருக்க முடியாது. இப்படிச் சொல்லலாம்:

"இங்க நீங்க பேசறது என்னைத் தாண்டிப் போகாது. மூணு விஷயத்துல மட்டும் என்னால வாக்குக் கொடுக்க முடியாது. உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா, குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னா, கோர்ட் கேட்டா. அப்பவும் முடிஞ்ச வரைக்கும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

விதிவிலக்கைச் சொன்னால் அவர் பயந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். எதைத் தர முடியாது என்று சொல்கிறவர் தருவதாகச் சொல்வதைத்தான் மக்கள் நம்புகிறார்கள்.

எங்கெங்கே கசியும்

வேண்டுமென்றே ரகசியத்தை வெளியே சொல்லும் கோச் அபூர்வம். கசிவது எல்லாம் சின்னச் சின்ன இடங்களில்தான்.

ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: "முத்தியால்பேட்டையில் பொட்டிக் நடத்தும் ஒரு சகோதரி, கணவரின் எதிர்ப்பையும் மீறி இரண்டாவது கிளை திறந்திருக்கிறார். பெயர் வேண்டாம்." பெயரைத்தான் விட்டிருக்கிறீர்கள். முத்தியால்பேட்டையில் பொட்டிக் நடத்துகிறவர்கள் எத்தனை பேர், அதில் இந்த மாதம் இரண்டாவது கிளை திறந்தவர் யார் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவின் மாமியார் வீட்டுக்கு அன்று சாயங்காலமே தகவல் போய்விடும். ஊர், தொழில், குடும்ப நிலை ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தாலே இங்கே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கிளையன்ட் கதையை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அவரே மனமுவந்து எழுதிக் கொடுத்தாலும், ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்களிடம் மறுத்துப் பேசக் கூச்சப்பட்டுச் சம்மதித்திருக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப் இன்னொரு இடம். புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வசதியாக இருக்கும் என்று எல்லாக் கிளையன்ட்டுகளையும் ஒரே குரூப்பில் சேர்த்தால் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். குரூப் வேண்டவே வேண்டாம். பலருக்கும் ஒரே செய்தி போக வேண்டுமானால் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பலாம். போன் திரையில் மெசேஜ் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மறைத்து வையுங்கள். ஜிபேயில் பணம் அனுப்பும்போது குறிப்பில் ஒன்றும் எழுத வேண்டாம் என்று கிளையன்ட்டிடம் சொல்லுங்கள். வீட்டில் கணக்குப் பார்ப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

குறிப்பு எழுதும் நோட்டில் பெயருக்குப் பதில் உங்களுக்கு மட்டும் புரியும் அடையாளம் போடுங்கள். நோட்டைப் பூட்டி வையுங்கள், பைக்கின் சைடு பாக்ஸில் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். பேச்சைப் பதிவு செய்வதும், பேச்சைத் தானாக எழுத்தாக்கும் ஆப்களைப் பயன்படுத்துவதும் அவர் வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டுமே.

அப்புறம் நேருக்கு நேர் வரும் கேள்விகள். "அந்த ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் உங்ககிட்ட வர்றாராமே?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது கேட்பார்கள். "இல்லை" என்பதும் தவறு, சிரித்து மழுப்புவதும் தவறு. இன்று ஒருவருக்கு "இல்லை" என்று சொன்னால், நாளைக்கு மழுப்பும்போது அதுவே "ஆமாம்" ஆகிவிடும். எல்லோருக்கும் எப்போதும் ஒரே பதில்: "யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைங்க. நாளைக்கு நீங்க வந்தாலும் அப்படித்தான்." இப்படி ஒருமுறை கேட்டவர், தனக்கு ஒரு தேவை வரும்போது உங்களைத்தான் தேடி வருவார்.

மணக்குள விநாயகர் கோயிலிலோ பாடலீஸ்வரர் கோயிலிலோ கிளையன்ட் குடும்பத்தோடு எதிரே வருகிறார் என்றால் என்ன செய்வது? இதையும் முதல் சந்திப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். நீங்க பேசினா பேசுறேன். தப்பா எடுத்துக்காதீங்க." இதைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் தோள் தளர்ந்து இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பணம் கட்டுவது வேறொருவர் என்றால்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மகனுக்காக அப்பா பணம் கட்டுகிறார். அல்லது கடலூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு கம்பெனி தன் சூப்பர்வைசருக்காகக் கட்டுகிறது. பணம் கட்டுகிறவர் தகவல் கேட்பார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி, கோபப்பட வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும் முன்பே மூவரும் உட்கார்ந்து, என்ன சொல்லப்படும், என்ன சொல்லப்படாது என்று பேசிவிடுங்கள். வந்தாரா, எத்தனை செஷன் முடிந்தது என்பதைச் சொல்லலாம். என்ன இலக்கு என்பதை மூவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். உள்ளே பேசியது எதையும் சொல்ல முடியாது. இதைக் கம்பெனியின் எச்.ஆர். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். வருமானம் போகிறதே என்று இருக்கும். ஆனால் கிளையன்ட் பேசியதை மேலிடத்துக்குச் சொல்கிற கோச் என்று நீங்கள் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், சிப்காட்டில் அடுத்த கம்பெனி வாசலை மிதிக்க முடியாது.

அப்பாக்களிடம் இன்னும் பக்குவமாகப் பேச வேண்டும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"சார், பையன் எப்படி இருக்கான்? உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுறானா? அந்தப் பொண்ணு விஷயம் ஏதாவது சொன்னானா?"

"ஐயா, தம்பி நேரத்துக்கு வர்றார். மத்ததை நான் சொன்னா நல்லா இருக்காது, அவர் வாயால கேட்டாத்தான் உங்களுக்கும் நிம்மதி."

"நான் பணம் கட்றேன் இல்லீங்களா?"

"ஆமாங்கய்யா. நீங்க கட்ற பணமே அவர் பயமில்லாம பேசணும்னுதானே? மூணு பேரும் சேர்ந்து உட்காரலாமான்னு அவர்கிட்ட கேட்கிறேன். அவர் சரின்னா உங்களைக் கூப்பிடறேன்."

பிறகு அடுத்த செஷனில் மறக்காமல் அந்தப் பையனிடம், "அப்பா போன் பண்ணினார், இதுதான் கேட்டார், இதுதான் சொன்னேன்" என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் விட்டுவிடக் கூடாது. அப்பா போன் செய்த விஷயம் பையனுக்கு வீட்டில் எப்படியும் தெரிந்துவிடும். உங்கள் வாயால் முதலில் தெரிந்தால்தான் நல்லது.

கணவன் மனைவி இருவருமே தனித்தனியாக உங்களிடம் வர விரும்பினால், ஒருவரை வேறொரு கோச்சிடம் அனுப்புங்கள். தொழில் பங்காளிகளுக்கும் இதே விதிதான். ஒருவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவரிடம் ஒன்றும் தெரியாதவர்போல் கேள்வி கேட்பது யாராலும் நெடுநாள் முடியாது.

பேச்சு நடக்கும்போது

இதைப் பயிற்சியில் நிறையச் சொல்லித் தருவார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். போனை மேசையில் கவிழ்த்து வைப்பதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைப்பது மேல். அவர் பேச்சை நிறுத்தினால் நீங்கள் உடனே தொடங்காதீர்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். "எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு" என்று உங்கள் கதையை எடுத்துவிடாதீர்கள்.

அவர் உங்களை அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிட்டால் தடுக்க வேண்டாம், இந்த ஊர்ப் பழக்கம் அது. ஆனால் நீங்கள் உண்மையிலேயே அண்ணனாக மாறி உரிமையோடு கண்டிக்க ஆரம்பித்தால், அடுத்த வாரம் தோல்வியை உங்களிடமும் மறைப்பார், வீட்டில் மறைப்பதைப் போலவே. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல் வந்தால், "ஏன் செய்யலை?" என்பதைவிட "எந்த இடத்துல நின்னுபோச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

நீங்களும் அவரை நம்ப வேண்டும். தன் வாழ்க்கைக்குத் தானே ஒரு வழி கண்டுபிடிக்கக்கூடியவர் என்று நம்பாதவர் தினமும் மெசேஜ் போட்டு, "செஞ்சீங்களா?" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். அந்த அவநம்பிக்கை எதிராளிக்கு நன்றாகவே புரியும்.

உங்கள் வேலை அல்லாதது

தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று வாரக்கணக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால், அது கோச்சிங்கில் தீரக்கூடியது அல்ல. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது. எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைகள் தொடர்பான விஷயம் என்றால் 1098. இந்த எண்களை எழுதி அறையிலேயே வைத்திருங்கள்.

அனுப்பும்போது கைகழுவுவது போலத் தோன்றக் கூடாது. "இதுக்கு என்னைவிட டாக்டர்தான் சரியானவர். நீங்க அவரைப் பார்த்துட்டு வாங்க, நம்ம வேலையை அப்புறம் எப்படி எடுத்துக்கிறதுன்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்று சொல்லுங்கள். அங்கேயே உட்கார்ந்து போன் செய்ய அவருக்குத் துணை வேண்டுமென்றால் கூடவே இருங்கள்.

நம்பிக்கையில் விரிசல் விழுந்தால்

கிளையன்ட் திடீரென்று ஒரு வரியில் பதில் சொல்கிறார், இரண்டு முறை தொடர்ந்து தள்ளிப் போடுகிறார் என்றால், ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். யூகித்துக்கொண்டிருக்காமல் கேட்டுவிடுங்கள்: "போன தடவை நான் பேசினதுல ஏதாவது உறுத்துச்சா?" தவறு உங்கள் பக்கம் என்றால் விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, இனி என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் விலகிப் போக நினைத்தால் மீதிப் பணத்தைக் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முடிக்கும்போதும் அதற்குப் பிறகும்

தேவை தீர்ந்த பிறகும் செஷனை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கடைசிச் சந்திப்பு என்று முன்பே சொல்லி வைத்து, குறிப்புகளை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சிலர் தங்களிடமே கொடுக்கச் சொல்வார்கள், சிலர் கண்ணெதிரே கிழித்துப் போடச் சொல்வார்கள். ரகசியக் காப்பு கடைசி செஷனோடு முடிவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேட்டதையெல்லாம் நீங்களும் தனியாகச் சுமக்க முடியாது. சிக்கலான செஷனைப் பற்றிக் கலந்து பேச அனுபவமுள்ள மூத்த கோச் ஒருவர் தேவை. அவர் பாண்டிக்காரராகவோ கடலூர்க்காரராகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரே சொல்லாமல் நாலு வரி சொன்னாலும் உள்ளூர்க்காரருக்கு ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். சென்னையிலோ பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் ஒருவரோடு மாதம் ஒருமுறை வீடியோ காலில் பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இப்படி ஒருவர் இருக்கிறார், பெயரும் ஊரும் இல்லாமல் அவரிடம் ஆலோசனை கேட்பீர்கள் என்பதையும் முதல் நாள் கொடுக்கும் அந்த ஒரு பக்கத் தாளில் எழுதிவிடுங்கள்.